பூஜையில் வைத்த ஆம்ப்ளிஃபையர்

தாம்பரம் பக்கத்தில் ஜாஸ் கேட்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து ஐந்து பேர். அதில் ஒருத்தி நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அவரவருக்குப் பிடித்த ரெக்கார்டோ சி.டி.யோ ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காரரின் செட்டில் போட்டுக் கேட்போம். பிறகு பேசுவோம். பேச்சு பெரும்பாலும் பாட்டைப் பற்றி இருக்காது. ஸ்பீக்கரைப் பற்றி இருக்கும்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் என்னுடன் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. மாடம்பாக்கத்தில் இருக்கிறார், சர்ச் கொயரில் பாடுகிறவர். காலையில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரே ரயிலில் போவோம். ஒரு நாள் தன் காதிலிருந்த இயர்ஃபோனில் ஒன்றைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“இதக் கேளேன். பிடிக்கலன்னா குடுத்துடு.”

பல்லாவரத்தில் காதில் வைத்தேன். கிண்டி வந்து கூட்டம் எங்களைத் தள்ளி இறக்கியபோதும் அது என் காதில்தான் இருந்தது. அதில் பாடுகிறவர் இல்லை, வார்த்தை இல்லை. ஒருவர் ஏதோ சொல்கிறார். அடுத்தவர் அதையே வேறு மாதிரி சொல்கிறார். மூன்றாமவர் இரண்டு பேரும் சொன்னது தப்பு என்கிறார். எங்கள் தெருவில் தினமும் நடப்பதுதான். ஆனால் இங்கே தாளம் தப்பவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் முதல் நாள் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோதும் சொன்னேன். பள்ளிக்கரணையிலிருந்து வரும் கணவனும் மனைவியும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். சேலையூர் சார் மட்டும், “சரிம்மா, பியானோ பிடிக்குமா, சாக்ஸஃபோன் பிடிக்குமா?” என்று கேட்டார். அதுதான் அங்கே அறிமுகம் என்பது பிறகு புரிந்தது.

இந்தச் சாருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் அதிகாரி. ஞாயிறு காலையில் சர்ச்சில் ஆர்கன் வாசித்துவிட்டு, மதியம் எங்களுக்கு ஜாஸ் போடுவார். அவர் வீட்டு ஹாலில் சோபாவைவிட ஸ்பீக்கர்கள் பெரியவை. ஆம்ப்ளிஃபையர், பல்பு போல எரியும் வால்வுகள் வைத்த பழைய ரகம். அது சூடாகும்வரை யாரும் பேசக் கூடாது என்று ஒன்றும் விதி இல்லை. ஆனாலும் யாரும் பேச மாட்டோம்.

உண்மையான விதிகள் இரண்டு. ஒன்று எழுதப்படாதது: பேஸ் சோலோ வந்தால் டீ. ஜாஸில் பெரும்பாலும் ஒரு கட்டம் வரும். மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொள்ள, ஆளுயரப் பிடில் போலிருக்கும் டபுள் பேஸை வைத்திருப்பவர் மட்டும் தனியாக டும் டும் என்று வாசித்துக்கொண்டிருப்பார். அந்த இடம் வந்ததும் சார் எழுந்து அடுப்பங்கரைக்குப் போவார். அவரோடு ஒருவர் கோப்பை எடுக்கப் போவார். ஒருவர் பாத்ரூமுக்கு. ஒருவர் பால்கனியில் போனோடு. டீ வரும்போது பாட்டு முடிந்திருக்கும்.

இரண்டாவது விதியைச் சாரே சொல்லியிருக்கிறார்: வீட்டுக்காரர் தானே தேர்ந்தெடுத்துப் போடும் ஒரு பாட்டை மட்டும் யாரும் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது. மற்றவர்கள் கொண்டுவருவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நான் கொண்டுபோன சி.டி.க்கும் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு சிறிய அரங்கில் நாலு பேர் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது அது. அதில் ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் வாங்கினேன். மெதுவான பாட்டு. சாக்ஸஃபோன் ஆரம்பிக்கும், பியானோ தொடரும், பிறகு பேஸ் வரும். மிக நீளமான பேஸ். அது முடிந்ததும் சாக்ஸஃபோன் திரும்பி வரும். வழக்கமாக அந்த இடத்தில் முதலில் வாசித்த டியூனையே வாசித்து முடித்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. டியூனை மறந்துவிட்டவர் போல, வீட்டில் சாவியைத் தேடுகிறவர் போல, ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. அதுவும் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருந்தார். அவர் பேஸ் வந்ததும் டீ போட எழுந்தார்.

“சார், பேஸுக்கு அப்புறம்தான் விஷயமே இருக்கு,” என்றேன்.

“பேஸுக்கு அப்புறம் ஒண்ணும் இருக்காதும்மா. கல்யாணத்துல பந்தி முடிஞ்சதும் தாம்பூலப் பை குடுப்பாங்க இல்ல, அந்த மாதிரி. வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்.”

“இதுல அப்படி இல்ல சார்.”

“சரி, உங்க வீட்டு முறை வரட்டும். உங்க செட்ல போடுங்க. ரூல் இருக்கே, எழுந்திருக்காம கேட்கிறேன். என்ன செட் வச்சிருக்கீங்க?”

“புளூடூத் ஸ்பீக்கர் சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. “அப்ப கொஞ்ச நாள் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு எனக்கு சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்.

அந்த புளூடூத் ஸ்பீக்கர் அலுவலகப் போட்டியில் பரிசாக வந்தது. தண்ணீர் பாட்டில் உயரம். அன்று வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

ஆம்ப்ளிஃபையரைப் புதிதாக வாங்கினேன். சி.டி. பிளேயரையும் ஸ்பீக்கர்களையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடினேன். அக்காவும் வந்தார். பழைய மிக்ஸிகளுக்கும் தையல் மெஷின் தலைகளுக்கும் நடுவில், மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி தார்ப்பாயின்மேல் நின்றது. கடைக்காரர் ஒயரை மாட்டி, “போன்ல இன்னா பாட்டு வோணுமோ போட்டுப் பாத்துக்க மேடம்,” என்றார். என் சாக்ஸஃபோன்காரரைப் போட்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், விட்டு விட்டு வருது?”

“இல்லண்ணா, பாட்டே அப்படித்தான்.”

“அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது. பாட்டுதான் ரிப்பேரு.”

அப்பா அவற்றைத் தண்ணீர் லாரியின் கேபினில் ஏற்றி இரும்புலியூருக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஹால் சிறியது. அம்மாவின் தையல் மெஷின், பீரோ, சாமி அலமாரி எல்லாம் அதில்தான். ஸ்பீக்கர்கள் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது என்று படித்திருந்தேன். அதனால் ஒன்றை முன்னால் தள்ளி, எதிர்வீட்டில் சமையல் மேடை போட்டு மிச்சமான கிரானைட் துண்டின்மேல் நிறுத்தினேன். அதற்குப் பிறகு பீரோவின் ஒரு கதவு பாதிதான் திறந்தது. அம்மாவின் பட்டுப்புடவைகள் மற்றப் பாதியில் இருந்தன.

“பாட்டு கேக்கத்தான் போன் கீதே. இது இன்னாத்துக்குடி?” என்றாள் அம்மா.

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். “இது சும்மா பொழுதுபோக்கு இல்லம்மா. இதுவும் ஒரு படிப்புதான். ஒரு இடத்துல உட்கார்ந்து, கவனமா கேட்டு, புரிஞ்சுக்கணும்.”

“பரீட்சை வெப்பாங்களா?”

“இல்ல. ஆனா படிப்புதான்.”

அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடவைகளை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு மாற்றினாள். எங்கள் வீட்டில் படிப்பு என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அந்தச் சொல்லைக் காட்டித்தான் நான் பத்தாம் வகுப்பில் கேபிள் டி.வி.யை நிறுத்தினேன், கல்லூரியில் மூன்று சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போகாமல் தப்பித்தேன். இந்த முறையும் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய செட்டில் அந்தப் பாட்டைப் போட்டபோது, ரயிலில் கேட்டதும் இதுவும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தது. சாக்ஸஃபோன்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. அவர் விரல்களுக்குக் கீழே, வாத்தியத்தின் துளைகளை அடைக்கும் சாவிகள் டப் டப் என்று மூடிக்கொள்வது கேட்டது. கடைசியில் அவர் தேடிக்கொண்டே போகும் இடத்தில், சத்தம் மிகவும் சின்னதாகிவிடுகிறது. அந்த இடம் இயர்ஃபோனில் எனக்கு அதுவரை கேட்டதே இல்லை. அம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்திவிட்டு, “அந்த ஆளுக்கு இளைப்பு கீதா?” என்று கேட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, ஏர் பிரேக் போய்விட்ட வண்டி இப்படித்தான் மூச்சு விடும் என்றார். எனக்கு இரண்டு கருத்துகளும் போதுமானவையாக இருந்தன. கேட்கிறது என்பதுதான் முக்கியம். இனி சேலையூர் சார் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

என் வீட்டு முறை வந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்துவரவில்லை. ஒரு வாரம் சாருக்கு சர்ச் கூட்டம். ஒரு வாரம் பள்ளிக்கரணைக்காரர்கள் ஊரில் இல்லை. “ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாருக்கும் லீவுதானே, அன்னிக்கே வச்சுக்கலாமே,” என்று அக்கா கேட்டார். சாருக்கும் அக்காவுக்கும் அது வெறும் லீவு. பள்ளிக்கரணைக்காரர்கள் பூஜை எல்லாம் செய்வதில்லை. எங்கள் வீட்டில் பூஜை காலையிலேயே முடிந்துவிடும். வாங்க, என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகங்களை அன்று முழுவதும் தொடக் கூடாது, படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி கற்பூரம் காட்டி எடுத்து, ஒரு பக்கமாவது சத்தமாகப் படிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கல்லூரி முடிந்து இத்தனை வருடங்களாக, அம்மா பூஜையில் அடுக்குவது என்னுடைய பழைய பாடப் புத்தகங்களைத்தான். அவற்றைத் தொடக் கூடாது என்ற விதியால் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. நானாகவும் தொட மாட்டேன்.

அன்று காலையில் அப்பாவோடு லாரிப் பூஜைக்குப் போனேன். லாரியைக் கழுவி, கண்ணாடிக்கு மாலை போட்டு, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, டேங்க் முழுக்கச் சந்தனப் பொட்டு வைத்தோம். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தோம். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா அதை நசுக்கிக்கொண்டே ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தார். நான் வழியில் இறங்கி விருந்தாளிகளுக்கு மிக்சரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாமி அலமாரி காலியாக இருந்தது. ஆம்ப்ளிஃபையர் கனமானது, அம்மாவால் நகர்த்த முடியாது. அதனால் சரஸ்வதியை நகர்த்தியிருந்தாள். படம் ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் சாய்ந்து நின்றது. இரண்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஒரே சாமந்தி மாலை. வலைத்துணியில் மூன்று மூன்று சந்தனப் பொட்டு. வால்யூம் குமிழின் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு. என் பாடப் புத்தகங்கள் கீழ்வரிசைக்கு இறங்கியிருந்தன. அந்த சி.டி. ஒரு வெற்றிலையின்மேல் இருந்தது.

“அம்மா, இதுங்கள எதுக்கு வச்ச? மத்தியானம் எல்லாரும் வராங்களே!”

“வரட்டுமே. சுண்டல் வேக வெச்சிகினுதானே கீறேன்.”

“பாட்டு போடணும்மா. அதுக்குத்தான் வராங்க.”

“நாளிக்கு காலைல எடுத்துத் தரேன். போட்டுக்க.”

“அப்பா லாரிக்கும்தான் பூஜை போட்டாரு. உடனே ஓட்டிக்கிட்டுப் போகலையா?”

“அது ஆயுதம்.”

“போன வருஷம் என் ஆபீஸ் லேப்டாப்புக்குப் பொட்டு வச்ச. அன்னிக்கே நான் எடுத்து வேலை செஞ்சேன். ஒண்ணும் சொல்லலியே?”

“அதுல சம்பளம் வருது. அதுவும் ஆயுதம். இதுல சம்பளம் வருதா?”

“வரல.”

“நீதானடி படிப்புன்ன? படிப்புன்னா அது சரஸ்வதி. சரஸ்வதிய வெச்சா எடுக்கக் கூடாது. இது உனக்குத் தெரியாதா? இன்னாத்த படிச்ச?”

எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை கிடைக்குமா என்று அப்பாவைப் பார்த்தேன். “எனுக்கு வண்டி மேட்டருதாம்மா தெரியும்,” என்று சொல்லிவிட்டு அப்பா லாரியைப் பார்க்கப் போனார்.

பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தால் இந்நேரம் அது டி.வி.யோடு சேர்ந்து ஓரமாக, பொட்டு இல்லாமல், எந்தத் தடையும் இல்லாமல் இருந்திருக்கும். என் வாதத்தில் ஒரு ஓட்டையும் விடாமல் அம்மா ஏற்றுக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு முழுமையாக வேறு யாரையும் நம்பவைத்ததில்லை.

சார் சொன்ன நேரத்துக்கு வந்தார். அக்கா அவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். பள்ளிக்கரணைக்காரர்கள் தாமதமாக வந்து ரோட்டைத் திட்டினார்கள். சார் செட்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

“மாலை எல்லாம் போட்டிருக்கீங்க. ரிட்டயர் ஆகுதா?”

நான் சுண்டல் கொடுத்தேன். பொரி கொடுத்தேன். மிக்சர் கொடுத்தேன். இன்னொரு முறை சுண்டல் கொடுத்தேன். “போதும்பா, போடு, கேட்கலாம்,” என்றார் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

“நாளிக்கு காலைலதான் சார் எடுக்கணும். இன்னிக்கி படிக்கக் கூடாது.”

“படிக்கறதா?” என்றார் சார்.

“அவதான் சொன்னா, இது படிப்புன்னு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் கொஞ்சம் யோசித்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார்.

“எங்க வீட்டுல புனித வெள்ளி அன்னிக்கு டி.வி.ய போர்வை போட்டு மூடிடுவாங்க,” என்றார் அக்கா. “அப்பா ரிமோட்டை ஜிப்பா பாக்கெட்ல போட்டுக்கிட்டு சர்ச்சுக்கே போயிடுவாரு. நீ பரவாயில்ல.”

பள்ளிக்கரணைக் கணவர் போனில் போட்டுக் கேட்கலாமே என்றார். போனில் கேட்டால் அது கேட்டதாகக் கணக்கில் வராது என்று சார் சொல்லிவிட்டார். மனைவி, “சார் வீட்டுக்கே போயிடலாமே? கார் இருக்கு. பத்து நிமிஷம்,” என்றார். உடனே அறையில் ஒரு நிம்மதி பரவியது. சார் என்னிடம், “நீங்களும் வாங்கம்மா. அந்த சி.டி.ய எடுத்துக்கங்க,” என்றார். சி.டி. வெற்றிலையின்மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, “சரி, அது எங்கயாவது நெட்ல இருக்கும். அங்க போட்டுக்கலாம்,” என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அங்கே போனால் வீட்டுக்காரர் அவர்; நான் விருந்தாளி. பேஸ் வந்ததும் டீ வந்துவிடும். இத்தனை மாதம் அலைந்தது, கிரானைட் தூக்கியது, பீரோவின் கதவைப் பாதியாக்கியது எல்லாம் அந்த இடத்தில் அவரை உட்காரவைப்பதற்காக. இந்த வீடு இல்லாமல் அது நடக்காது.

“நீங்க போய்க் கேளுங்க சார். நான் வரல. நாளைக்குக் காலையில இங்க வாங்க. போடறேன்.”

“காலையிலயா?” சாருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. “ஜாஸ் காலையில கேட்கற விஷயமாம்மா?”

“ஏழரைக்குள்ள வந்துடுங்க சார்,” என்றாள் அம்மா. “அப்பால நேரம் நல்லால்ல.”

அவர்கள் போனார்கள். வாழைக்கன்று கட்டிய லாரியில் இடிக்காமல் காரை ரிவர்ஸ் எடுக்க அப்பா கையசைத்து வழிகாட்டினார். அக்கா மட்டும் வாசலில் நின்று, “வாயேன்பா, இதுக்குப் போய்,” என்றார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். “உன் திமிரு,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அம்மா மீந்த சுண்டலை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் போனபோது, நான் செட்டுக்கு முன்னால் தனியாக இருந்தேன். ஸ்விட்சைப் போட்டால் யாருக்கும் தெரியாது என்பது உண்மையில்லை. வால்யூமைத் திருகினால் பொட்டு கலைந்துவிடும், அம்மா வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அதற்காகத்தான் தொடவில்லை என்று சொல்லலாம். ஆனால் கீழ்வரிசையில் இருந்த புத்தகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றாம் வகுப்பில் சேரும்வரை எங்கள் வீட்டில் ஆயுத பூஜை மட்டும்தான் இருந்தது. ஸ்பானர், ஜாக்கி, கத்தரிக்கோல் இவை மட்டும் முன்வரிசையில். நான் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்த வருடம் அம்மா ஸ்பானர்களைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு சரஸ்வதி படம் வாங்கி வந்தாள். அதுவரை அந்தப் படம் வாங்க எங்களுக்கு ஒரு காரணம் இருந்ததில்லை. நான் போய்த் தட்டுகளைக் கழுவினேன்.

மறுநாள் சார் ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார். தலை ஈரமாக இருந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. அக்காவும் வந்தார், தூக்கம் கலையாத முகத்தோடு. பள்ளிக்கரணைக்காரர்கள் வரவில்லை, ரோட்டின்மேல் பழி போட்டு ஒரு செய்தி மட்டும் வந்தது.

அம்மா பாயை விரித்தாள். கற்பூரம் காட்டும்போது சார் சர்ச்சில் நிற்பதுபோல் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா மாலையைக் கழற்றினாள். சரஸ்வதியை இறக்கி அலமாரிக்குக் கொண்டுபோனாள். முந்தானை நுனியால் குமிழின் பொட்டைத் துடைத்தாள். சி.டி.யை வெற்றிலையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ம், படி.”

பள்ளிக்கூட நாள்களில் நான் ஒவ்வொரு விஜயதசமியும் சத்தமாகப் படிக்கும்போதும் இப்படித்தான் எதிரில் உட்காருவாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் கண் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கியதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நடுவில் விட முடியாது.

போட்டேன். சாக்ஸஃபோன் ஆரம்பித்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சுவரில் சாய்ந்தார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பியானோ வந்து போனது. பிறகு பேஸ். டும், டும். தெருவில் பால்காரரின் வண்டி போனது. டும். சார் கண்ணைத் திறந்தார். கையைப் பாயில் ஊன்றி, பழக்கத்தில், எழுந்திருக்கப் போனார்.

“உக்காருங்க சார்,” என்றாள் அம்மா, செட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “படிச்சிகினு இருக்கும்போது நடுவுல எழுந்துக்கக் கூடாது.”

“இல்லம்மா, நான் சும்மா...”

“முடிஞ்சதும் எழுந்துக்கலாம்.”

சார் உட்கார்ந்தார். எங்கள் கூட்டத்தின் விதியை நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும் என்றும், அதை எவ்வளவு மரியாதையாகச் சொல்வது என்றும் பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. பேஸ்காரர் அவசரப்படவில்லை. அம்மா இமைக்கவில்லை. முடிவில் சாக்ஸஃபோன் திரும்பி வந்தது. மூச்சு, சாவிகள், அந்தத் தேடல். நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். புருவம் ஒரு முறை ஏறியது. பிறகு அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது ஸ்பீக்கரை நோக்கி மெல்லக் குனிந்தார். பாட்டு முடிந்து, அந்த அரங்கில் யாரோ இரண்டு பேர் முதலில் கைதட்டி, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேஸ் நீளம் ஜாஸ்திதான்,” என்றார்.

“ஆமா சார்.”

“ஆனா, திரும்பி வரும்போது அவர் டியூனை வாசிக்கல.”

“இல்ல சார்.”

“தேடிக்கிட்டே போறார்.”

“ஆமா சார்.”

“கடைசியில கிடைச்சுதா? ஒரு இடத்துல தொட்ட மாதிரி இருந்துச்சு. நீங்கதான் நிறைய தடவை கேட்டிருக்கீங்களே, சொல்லுங்க.”

எத்தனையோ முறை கேட்டிருந்தேன். ஆனால் கிடைத்ததா என்று கேட்டுப் பார்த்ததில்லை. இன்று பார்த்திருக்கலாம். ஆனால் பேஸ் முடிந்ததிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கவே இல்லை. அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியல சார். இன்னொரு தடவை போடட்டுமா?”

“போடுங்க.”

“மொதல்லருந்தா?” என்றாள் அம்மா.

“முதல்லருந்துதான்மா,” என்றார் சார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு முறை படித்தாயிற்று. அவளைப் பொறுத்தவரை கடமை முடிந்தது. அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு முதல் லோடு காத்திருந்தது, செருப்பை மாட்டினார். அக்கா தூங்கியிருந்தார். நான் பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டுவிட்டு, இந்த முறை சாரின் முகம் தெரியாதபடி, அவருக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்தேன்.